நோயோடு ஒப்படைக்கப்பட்ட பூனைக்கு வீடு தேடுவது: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறுதுறுவென்று ஓடும் மூன்று மாதக் குட்டிக்கு வீடு பார்ப்பது ஒரு வேலை. சொந்தக்காரரே "இனி நம்மால ஆகாது" என்று கைவிட்ட, தினமும் மருந்து கேட்கிற பூனைக்கு வீடு பார்ப்பது முற்றிலும் வேறு வேலை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களிலிருந்தும் இந்த இரண்டாவது வேலையைப் பற்றி எங்களிடம் கேட்கிறவர்களுக்காக இதை எழுதி வைத்திருக்கிறோம்.

எங்க பூனைக்கு உடம்பு சரியில்லை, பாத்துக்கிட முடியலை. எங்கே கொண்டுபோய் விடலாம்?

கொண்டுபோய் விட்டால் வாங்கி வைத்துக்கொள்ள ஓரிடம் இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் எல்லாரும் போன் போடுகிறார்கள். நம் பக்கம் இருப்பவை பெரும்பாலும் தனி ஆட்கள் தங்கள் மொட்டைமாடியிலும் பின்கட்டிலும் கூண்டு போட்டு நடத்தும் சின்னச் சின்ன இடங்கள். எப்போதும் நிறைந்தே இருக்கும்.

இடம் இருந்தாலும் நோயாளிப் பூனைக்குக் கூட்டம் ஆகாது. புது வாடை, புதுச் சத்தம், பக்கத்துக் கூண்டில் உறுமும் கடுவன் என்று ஒன்றுக்கொன்று சேர்ந்து பயத்தில் சாப்பாட்டை விட்டுவிடும். இருபது பூனை இருக்கும் இடத்தில் எது மூத்திரம் போனது, எது போகவில்லை என்று யார் கணக்கு வைப்பது? சிறுநீரகம் கெட்ட பூனைக்கும், மூத்திர அடைப்பு வந்த பூனைக்கும் அந்தக் கணக்குதான் உயிர். ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு வீடு. காப்பகம் கடைசி வழி.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. ஏன் கொடுக்கிறீர்கள்? நோய் என்று சொல்வார்கள், பேசப் பேச உண்மையான காரணம் வேறாக இருக்கும். வாடகை வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார், ஊசி போடப் பயமாக இருக்கிறது, தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாள், மாதக்கடைசியில் மருந்துக் காசு உதைக்கிறது. இதில் பாதிக்கு வழி உண்டு. ஊசி போட ஒருவர் வந்து நாலு தடவை கூட இருந்து காட்டிக்கொடுத்தால் அப்புறம் அந்த வீட்டிலேயே பூனை இருந்துவிடும். பழகிய வீட்டைவிட நல்ல இடத்தை எங்களாலும் தர முடியாது.

ப்ளூ கிராஸில் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

மிருகங்களுக்காக யார் என்ன செய்தாலும் நம் ஊரில் "ப்ளூ கிராஸ்காரங்க" என்றுதான் சொல்வார்கள். ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா 1959-இல் சென்னையில் தொடங்கியது, இருப்பதும் சென்னையில். நெல்லையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். சர்க்கரை வியாதிப் பூனையை அத்தனை தூரம் கொண்டுபோய்ப் பெரிய காப்பகம் ஒன்றில் சேர்ப்பதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

2001-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் ஒன்று இருக்க வேண்டும். வதை நடந்தால் புகார் கொடுக்க அது உதவும். உங்கள் பூனைக்கு மாத்திரை கொடுக்க ஆள் தேடித் தராது. 1962 எண்ணுக்குக் கூப்பிட்டால் வரும் கால்நடை ஆம்புலன்ஸும் முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

நோய்க்குப் பெயர் வாங்குவது. "சாப்பிட மாட்டேங்குது, மெலிஞ்சுட்டே போகுது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரிடமும் வீடு கேட்க முடியாது.

பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் தொடங்கலாம். பூனையில் பழக்கமுள்ள தனியார் டாக்டர் கிடைத்தால் நல்லது. ஸ்கேன், எக்ஸ்ரே, முழு ரத்தப் பரிசோதனை என்று போனால் சங்கரன்கோவில் சாலையில் இராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். 2012-இல் தொடங்கிய கல்லூரி அது, அதற்கு முன் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அப்படி ஒரு வசதி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெளியே நாலு நாய் குரைத்துக்கொண்டிருக்கும்.

ரிப்போர்ட்டுகளை வெயிலில் வைத்துத் தெளிவாகப் படம் எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். கூடவே எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. என்ற, பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் இரண்டு வைரஸ்களுக்கும் சேர்த்துச் செய்யும் துளிரத்த டெஸ்ட் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏற்கெனவே பூனை வைத்திருக்கும் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு எஃப்.ஐ.வி. இருப்பதாகக் காட்டினால் அதை முடிவாக எடுக்க வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பணுக்கள் அப்படிக் காட்டும், பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது?

எங்களுக்கு வரும் பத்தில் எட்டு இப்படித்தான் இருக்கும்: "பாவம் வாயில்லா ஜீவன், யாராவது காப்பாத்துங்க, அர்ஜெண்ட், எல்லாரும் ஷேர் பண்ணுங்க." கூடவே கூண்டு மூலையில் இரண்டு கண் மட்டும் மின்னும் ஒரு படம். நூறு பேர் அழுகிற பொம்மை போடுவார்கள். ஒருவரும் வர மாட்டார்கள். படிக்கிறவருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பூனை தன் வீட்டுக்கு வந்தால் நாளைக் காலையில் எத்தனை மணிக்கு எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாத வேலையை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். தெரிந்த வேலை என்றால், கடினமாகவே இருந்தாலும், "இது நம்மால் முடியும்" என்று ஒருவர் எங்கேயோ இருப்பார்.

ஆகவே இப்படி எழுதிப் பாருங்கள்:

"கடுவன், மஞ்சள் வரி, சுமார் 9 வயது, கருத்தடை ஆனது. எடை 3.8 கிலோ. சிறுநீரகக் கோளாறு, மூன்றாம் நிலை. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 3.4, போன மாத ரிப்போர்ட் கீழே இருக்கிறது. எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. இல்லை. வாரம் மூன்று நாள் தோலுக்கடியில் 100 மில்லி சலைன் ஏற்ற வேண்டும். பழகினால் பத்து நிமிடம், துண்டில் சுற்றி மடியில் வைத்தால் அசைய மாட்டான். சிறுநீரக உணவு தின்கிறான், அலுத்துப்போனால் வேகவைத்த கோழி கொஞ்சம் பிய்த்து மேலே போட வேண்டும். நிறையத் தண்ணீர் குடிப்பான், மணல் தட்டில்தான் போவான், தட்டு தினமும் இரண்டு தடவை நனையும். தூக்கினால் பிடிக்காது. தானாக வந்து காலடியில் படுப்பான். மற்றப் பூனைகளோடு சண்டை இல்லை, நாய் பழக்கமில்லை. பழைய வீட்டுக்காரர் வெளிநாடு போனதால் ஒப்படைத்தார். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறான். மதுரை, நாகர்கோவில் வரை நாங்களே கொண்டுவந்து தருவோம். முதல் மூன்று மாத மருந்து எங்கள் செலவு."

இதில் "பாவம்" என்ற சொல்லே இல்லை. "தட்டு தினமும் இரண்டு தடவை நனையும்" என்பது இருக்கிறது. இந்த வரியைப் படித்தும் போன் செய்கிறவர்தான் நமக்கு வேண்டிய ஆள்.

படம் மூன்று போதும். பகல் வெளிச்சத்தில் முகம், நின்ற நிலையில் முழு உடம்பு, மருந்து கொடுக்கும்போது ஒன்று. முடிந்தால் சலைன் ஏற்றுவதை அரை நிமிட வீடியோவாக எடுங்கள். பூனை சும்மா படுத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். உங்கள் போன் எண்ணை எல்லாக் குழுவிலும் கொட்ட வேண்டாம், தனிச்செய்தியில் கேட்பவருக்குக் கொடுங்கள்.

நோயைச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்களே. கொடுத்த பிறகு மெல்லச் சொன்னால் என்ன?

பத்தாம் நாள் திரும்பி வரும். வராவிட்டால் அதைவிட மோசம், தெருவில் விட்டிருப்பார்கள்.

எந்த நோய்க்கு எப்படிப்பட்ட வீடு பார்க்க வேண்டும்?

ஒற்றைக்கண், மூன்று கால் என்பவற்றை நாங்கள் நோய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கொஞ்ச நாளில் அவை சுவர் ஏறிவிடும், வீட்டை விட்டு வெளியே விடாத ஆளாக இருந்தால் போதும். மற்றவற்றைக் கொஞ்சம் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு வயதான பூனைகளில் மிகுதி. கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை என்பது டாக்டர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. இரண்டாம் நிலைப் பூனை உணவை மாற்றி ஆண்டுக்கணக்கில் இருக்கும், எந்த வீட்டுக்கும் போகலாம். மூன்றாம் நிலைக்குச் சலைன் ஏற்றப் பயப்படாத ஒருவர் வேண்டும். வீட்டில் பெரியவருக்கு இன்சுலின் போட்டுப் பழகியவர்கள், நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இதற்கு அருமையான ஆட்கள். பாளையங்கோட்டையில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. கேட்டால் முதலில் "எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல பூனை" என்பார்கள். அவசரப்படாமல் ஒரு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் திருப்பிக் கேட்டால் கோபம் வரும்.

சர்க்கரை வியாதிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி. காலை ஏழு, மாலை ஏழு என்றால் தினமும் ஏழுதான், கல்யாணம் காட்சி என்று வெளியூர் போனால் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். கடைக்காரர், ஷிப்ட் வேலைக்காரர் வீடு இதற்குச் சரிப்படாது. ஊசியில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது: நம் மருந்துக்கடைகளில் 40 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கும், 100 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கும். சிவப்பு மூடி நாற்பது, ஆரஞ்சு மூடி நூறு. மருந்துக் குப்பியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண் சிரிஞ்சு. நூறு மருந்தை நாற்பது சிரிஞ்சில் எடுத்தால் ஒரே வேளையில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும், நாற்பது மருந்தை நூறு சிரிஞ்சில் எடுத்தால் பாதிகூட ஏறாது. ஒப்படைக்கும்போது குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் காட்டி, வாங்குபவரையே ஒரு ஊசி போடச் சொல்லிப் பாருங்கள். பூனை தள்ளாடினால், கண் சொருகினால், தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆரம்பத்திலேயே ஊசி தொடங்கி, அரிசிச் சோற்றை நிறுத்தி, கறியும் மீனுமாகக் கொடுத்த பூனைகளில் சிலவற்றுக்கு நாளடைவில் ஊசியே தேவைப்படாமல் போய்விடும். எதைக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மூத்திர அடைப்பு கடுவன்களின் வியாதி. தட்டில் உட்கார்ந்து முக்கும், கத்தும், ஒரு சொட்டும் வராது. "மலச்சிக்கல்" என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் உயிர் போய்விடும். அன்றே டாக்டரிடம் போக வேண்டிய அவசரம் அது. அடைப்பு எடுத்த பூனைக்கு மறுபடி வரலாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றாலும் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடிய வீடு வேண்டும். விக்கிரமசிங்கபுரம் தாண்டி மலையடிவாரத்தில் அழகான தோட்ட வீடு ஒன்று கிடைத்தாலும் இந்தப் பூனைக்கு வேண்டாம் என்றே சொல்வோம்.

வாய்ப்புண்ணால் எச்சில் ஒழுகி, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் அலறும் பூனைகளுக்குப் பல்லை எல்லாம் எடுக்க வேண்டியிருக்கும். பல் போன பிறகு பெரும்பாலானவை முன்னைவிட நன்றாகச் சாப்பிடும். இதில் எங்கள் யோசனை, அறுவை முடிந்து, தையல் ஆறி, தானாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு வீடு தேடுங்கள். நடுவில் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் கஷ்டம்.

பைக்கில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனவை கடைசி. தினமும் இரண்டு மூன்று தடவை அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள டாக்டர் முன்னால் கைவைத்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்தப் பூனைகளுக்கு நெல்லைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்காமல் மதுரை, திருவனந்தபுரம், கோவை, சென்னை என்று வலையை அகலமாக வீசுங்கள்.

எஃப்.ஐ.வி. என்றால் எய்ட்ஸ்தானே? நமக்கு வராதா?

வராது. எஃப்.ஐ.வி.யும் எஃப்.இ.எல்.வி.யும் பூனையிலிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. எஃப்.ஐ.வி. முக்கியமாக ஆழமான கடியில் பரவுவது. சண்டை போடாத, கருத்தடை ஆன பூனைகளோடு ஒரே வீட்டில் இருக்கலாம். எஃப்.இ.எல்.வி. எச்சில் வழியாகப் பரவும். அந்தப் பூனைக்கு வேறு பூனை இல்லாத வீடு, அல்லது அதே நோயுள்ள பூனை இருக்கும் வீடு.

நமக்கு வரக்கூடியது படர்தாமரை. பெர்ஷியன் குட்டிகளில் அடிக்கடி பார்க்கலாம். ஆறும் வரை தனி அறையில் வையுங்கள், தொட்டால் கைகழுவுங்கள். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியானாலும் சரி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமானாலும் சரி. மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள். பூனையை வெளியேற்றித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பயப்படும் கிருமி டாக்சோபிளாஸ்மா. முதல் தடவை தொற்றிய பூனை ஒன்றிரண்டு வாரம் மலத்தில் அதை வெளியேற்றும், அதுவும் வெளியே வந்து ஒரு நாளாவது கடந்த பிறகுதான் தொற்றும் தன்மை பெறும். மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். பூனைக்குப் பச்சைக்கறி கொடுக்க வேண்டாம். கழுவாத கீரையும் சரியாக வேகாத கறியும் கர்ப்பிணிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. இதை மாமியாருக்கு நீங்கள் சொன்னால் எடுபடாது, மகப்பேறு டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள்.

நாங்கள் சைவம். நோயாளிப் பூனையை எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக, பூனையையும் சைவமாக்காத வரைக்கும். தயிர்ச்சோறும் பாலும் போட்டு வளர்த்ததாகப் பெருமையாகச் சொல்லும் வீடுகள் டவுனில் உண்டு. அந்தப் பூனைகள் பகலெல்லாம் பக்கத்துத் தெருவில் எலியும் ஓணானும் தின்று சமாளித்திருக்கும். வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கும் நோயாளிக்கு அந்த வழியும் இல்லை. டாரின் என்ற சத்து கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண் போகும், இதயம் வீங்கும். அடுக்களையில் மீன் வேக வேண்டியதில்லை. டாக்டர் எழுதும் உணவு பாக்கெட்டிலும் டின்னிலும் வருகிறது, தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, பின்வாசலில் வைத்துக் கொடுத்தால் முடிந்தது.

மருந்துச் செலவு யாருடையது?

பேசி முடிவு செய்துவிட்டுத்தான் பூனை கைமாற வேண்டும். ஒப்படைக்கும் சொந்தக்காரரிடம் முதலில் கேளுங்கள். பலர் வெட்கத்தில் விலகிப் போவார்கள், கேட்டால் மாதாமாதம் ஒரு தொகை தரச் சம்மதிப்பார்கள். அதை மருந்துக்கடைக்கோ டாக்டருக்கோ நேரே போகும்படி செய்யுங்கள். பொதுவில் பணம் திரட்டினால் பில்லையும் மீதியையும் அதே இடத்தில் போட்டுவிட வேண்டும். பூனைப் படத்தை வைத்துக் காசு பார்க்கிற கூட்டமும் இருக்கிறது. உங்கள் படத்தையே எடுத்துப் போட்டு வேறொருவர் வசூல் செய்வதும் நடக்கும்.

எடுக்க வருகிறவரை எப்படித் தெரிந்துகொள்வது?

பேச விடுங்கள். முன்னால் வளர்த்த பூனை என்ன ஆனது என்று கேளுங்கள். "எங்கேயோ போயிருச்சு" என்று மூன்று பூனைக்கும் ஒரே பதில் வந்தால் யோசியுங்கள். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, எந்த டாக்டரிடம் போவார், வீட்டில் மற்றவர்களுக்குச் சம்மதமா? கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாகப் பேசிவிடுவது நல்லது. ஒருவர் ஆசைப்பட்டு இன்னொருவர் முகம் சுளித்தால் பூனைக்கு அங்கே ஆயுசு குறைவு. கல்லூரி மாணவர்கள் பாசமாகத்தான் கேட்பார்கள், படிப்பு முடிந்து போகும்போது பூனை எங்கே என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. தற்காலிகமாக வைத்துக்கொள்ள அவர்களைக் கேளுங்கள், மிக நன்றாகப் பார்ப்பார்கள்.

பெர்ஷியன் என்றால் கூடுதல் கவனம். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் இந்த இனத்தில் மிகுதி. சப்பை மூக்குக்கு நம் சித்திரை வெயில் தாங்காது. விலை கொடுத்து வாங்கி, நோய் வந்ததும் ஒப்படைத்துவிடுவார்கள். "பெர்ஷியன், இலவசம்" என்று போட்ட ஒரு மணி நேரத்தில் போன் குவியும். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் "மேட்டிங் ஆயிருக்கா?" என்று கேட்பவருக்குக் குட்டி போட்டு விற்கப் பூனை வேண்டும். டாக்டர் சம்மதித்தால் கருத்தடை செய்த பிறகே கொடுங்கள். உடம்பு மயக்கமருந்தைத் தாங்காது என்றால் நேரில் தெரிந்த வீட்டுக்கு மட்டும்.

எழுதி வாங்க வேண்டுமா?

இரண்டு தாள். ஒன்று, பழைய சொந்தக்காரர் "இந்தப் பூனையை முழு மனதோடு ஒப்படைக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டது. இது இல்லாவிட்டால், நீங்கள் செலவு செய்து தேற்றிய பிறகு "எங்க பூனையைத் தாங்க" என்று வந்து நிற்பார்கள். இன்னொன்று, புது வீட்டுக்காரருடையது: நோய்கள் தெரிந்தே எடுக்கிறேன், முடியாமல் போனால் உங்களிடமே திருப்பித் தருவேன், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். வெள்ளைத்தாள் போதும். அடையாள அட்டையை நேரில் பார்த்து, பெயரும் முகவரியும் சரியா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வீடு கிடைக்கும்வரை எங்கே வைப்பது?

ஒரு தனி அறை. பாத்ரூமாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் வேறு பூனை இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் பிரித்தே வையுங்கள். பான்லூக்கோபீனியா என்ற கொடிய வாந்திபேதிக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். துடைக்கப் பினாயில் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள பீனால் வகைகள் பூனைக்கு விஷம். சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளீச் கரைசல் போட்டுத் துடைத்து, நன்றாக அலசிக் காயவிட்ட பிறகு பூனையை உள்ளே விடுங்கள்.

காய்ச்சல் என்று குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், அதன் ஈரலுக்கு அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் சக்தி இல்லை. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தும் கூடாது. பெர்மெத்ரின் கலந்திருந்தால் வலிப்பு வரும்.

வெளியூரில் வீடு கிடைத்துவிட்டது. எப்படிக் கொண்டுபோவது?

காரில், விடியற்காலையில் அல்லது இரவில். கத்திரி வெயிலில் பகல் பயணம் வேண்டாம். மதுரை நூற்றறுபது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து ஒருவர் பாதி தூரம் வந்து வாங்கிக்கொண்டால் இருவருக்கும் வசதி. பூனை கைமாறுவது மூடிய அறையிலோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ நடக்க வேண்டும். கயத்தாறு சுங்கச்சாவடி ஓரத்திலோ டீக்கடை வாசலிலோ "ஒரு தடவை பாத்துக்கிடுதேன்" என்று கூடையைத் திறந்தால் பூனை நாலுவழிச்சாலையில் இருக்கும். கூடைக் கதவை நூல் கம்பியால் கட்டிவிடுங்கள். ரயில் என்றால் ஏசி முதல் வகுப்பில் கூபே முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பார்சலாகப் பதிந்து கார்டு பெட்டியில் ஏற்ற வேண்டும், நோயாளிக்கு அது ஆகாது. இன்சுலினை ஐஸ்கட்டியோடு நேரே ஒட்ட வைக்காமல் துணியில் சுற்றி எடுத்துப்போங்கள், உறைந்தால் கெட்டுவிடும்.

யாரும் வரவில்லை. ஆற்றங்கரையிலோ மீன் மார்க்கெட்டிலோ விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

ஊசி போட ஆள் இல்லாத சர்க்கரைப் பூனை என்ன பிழைக்கும்? 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். பல பத்து வருஷமாக அதே தொகைதான். அதனால் சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்ட முடிவதில்லை, பேசித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

விளம்பரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப் படத்தோடு, புது எடையோடு மறுபடி போடுங்கள். "இன்னும் இருக்கிறான், 200 கிராம் ஏறியிருக்கிறான்" என்ற செய்தி தயங்கியவரைத் தூண்டும். டாக்டரின் அறையில் ஒரு அச்சுத்தாள் ஒட்டுங்கள். அங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே மருந்தோடு வாழப் பழகியவர்கள்.

கருணைக்கொலை செய்யலாமா என்று டாக்டர் கேட்கிறார்.

வலி அடங்கவில்லை, பல நாளாகச் சாப்பாடு இல்லை, மூச்சு விடவே திணறுகிறது, மருந்து கேட்கவில்லை என்றால் அந்தக் கேள்வியைக் காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் மயக்கி, பிறகு ஊசி போட்டு டாக்டர் கையால் நடக்க வேண்டும். "வீடு கிடைக்கவில்லை" என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். சாகக் கிடக்கும் பூனையை "யாராவது எடுங்க" என்று ஊர் ஊராக அலைக்கழிப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

கொடுத்து இரண்டு நாள் ஆகிறது. கட்டிலுக்கடியில் கிடக்கிறது, சாப்பிடவில்லை என்று போன் வருகிறது.

ஒளிந்துகொள்வது இயல்பு. சாப்பிடாமல் இருப்பதை விட்டுவைக்கக் கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையானால், ஈரலில் கொழுப்பு ஏறிக் கெட்டுவிடும். பழைய வீட்டுத் துணி ஒன்றைக் கூடையில் வைத்தே அனுப்புங்கள், அதைக் கட்டிலுக்கடியில் தள்ளச் சொல்லுங்கள். உணவை லேசாகச் சூடாக்கினால் வாடை எழும்பும். தண்ணீர், மணல் தட்டு, கிண்ணம் மூன்றும் ஒளிந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், தட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சர்க்கரைப் பூனை சாப்பிடவில்லை என்றால் டாக்டரைக் கேட்காமல் ஊசியைப் போடாதீர்கள். முழுதாக ஒரு நாள் எதுவும் தின்னவில்லை என்றால் மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். ரிப்போர்ட் கட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.